பாலே பாணி உடைகளை அன்றாடம் அணிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தையல் தொழில் செய்பவள். பரதநாட்டிய மாணவியருக்குப் பயிற்சிச் சேலையும் பைஜாமாவும் தைத்துத் தொடங்கிய வேலை, இப்போது அலுவலகம் போகும் பெண்களின் பாவாடை, மேலாடை என்று விரிந்திருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் பாலே மாதிரி உடை எனக்குச் சரிவருமா?" என்று கேட்கிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் அநேகமாக ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் சுட்டிக்காட்ட வசதியாக எண் இட்டிருக்கிறேன்.

1. பாலே பாணி என்று எதைச் சொல்கிறார்கள்? பஞ்சுமிட்டாய் மாதிரி விரிந்து நிற்குமே, அந்தப் பாவாடையா?

அது மேடைக்கு உரியது. பாலே என்ற ஐரோப்பிய நடனத்தின் கலைஞர்கள் தங்கள் நாளின் பெரும்பகுதியைக் கண்ணாடிச் சுவரும் கைப்பிடிக் கம்பியும் உள்ள பயிற்சிக் கூடத்தில்தான் கழிக்கிறார்கள். அங்கே அவர்கள் அணிவது வேறு. சட்டையும் உள்ளாடையும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் உடலை ஒட்டிய லியோடார்ட், அதன்மேல் முன்பக்கம் குறுக்காக மடித்து இடுப்பில் நாடாவால் கட்டும் மெல்லிய பின்னல் மேலாடை, காற்றில் அசையும் பாவாடை, நீண்ட காலுறை, கெண்டைக்காலை மூடும் கம்பளி உறை, மென்மையான தட்டைக் காலணி, இறுக்கிக் கட்டிய கொண்டை.

இவை எதுவும் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. உடல் சூடேறியதும் சட்டென்று கழற்ற வேண்டும். அதனால் மேலாடை கட்டும் வகையில் இருக்கிறது. முதுகும் இடுப்பும் சரியாக நிற்கின்றனவா என்று ஆசிரியர் பார்க்க வேண்டும். அதனால் லியோடார்ட் ஒட்டி இருக்கிறது. சுழலும்போது முடி முகத்தில் அடிக்கக் கூடாது, அதற்குக் கொண்டை.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: பயிற்சிக் கூடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மேடையை விட்டுவிடுங்கள். உழைக்கும் உடலுக்காக உருவான உடை, பஸ்ஸைப் பிடிக்க ஓடவும் பிள்ளையைத் தூக்கவும் உதவும். மேடை உடை அரை மணி நேரம் பார்வைக்கு நிற்கும், அவ்வளவே. கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

2. எனக்குப் பாலே ஆடத் தெரியாது. நான் அணிந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். ஓடாதவர்களும் ஓட்டக் காலணி அணிகிறார்கள்; யாரும் கேள்வி கேட்பதில்லை. லியோடார்டே பாலேயில் பிறந்த உடை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஊஞ்சல் கம்பியில் சாகசம் செய்த ஜூல் லியோடார் என்ற பிரெஞ்சுக்காரரின் உடை அது. நடனக் கலைஞர்கள் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதுபோல் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

3. இது இரண்டு, மூன்று ஆண்டு மோகம்தானே? காசு கொடுத்து வாங்கினால் அப்புறம் அலமாரியில் தூங்கும்.

நீங்கள் படங்களில் பார்க்கும் அலை 2022 வாக்கில் எழுந்தது. ஆனால் பாலே உடை தெருவுக்கு வந்த கதை மிகப் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், அமெரிக்காவில் காலணிகளுக்குப் பங்கீட்டு முறை வந்தது. பாலே காலணிகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சேரவில்லை. கிளேர் மெக்கார்டல் என்ற ஆடை வடிவமைப்பாளர், நடனக் காலணிகள் செய்துவந்த கேப்பேசியோ நிறுவனத்திடம், தெருவில் நடக்கத் தகுந்த உறுதியான அடிப்பாகம் வைத்து அவற்றைச் செய்துதரச் சொன்னார். தட்டுப்பாட்டில் பிறந்த யோசனை, போர் முடிந்த பிறகும் நின்றது.

1956-ல் பாரிஸில் ரோஸ் ரெப்பெட்டோ, பாலே பயின்றவரான நடிகை பிரிஜித் பார்தோவுக்காக ஒரு தட்டைக் காலணி செய்தார். அந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. எனவே என் கணிப்பைச் சொல்கிறேன்: தட்டைக் காலணி, கட்டும் மேலாடை, கணுக்கால் அளவு மென்பாவாடை மூன்றும் நிற்கும். கெண்டைக்கால் உறையும், உடல் முழுக்க ரிப்பன் தொங்கும் சட்டையும் நிற்காது. காசை முதல் மூன்றில் போடுங்கள்.

4. முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கலாம், அக்கா?

எல்லோரும் காலணி என்று பதில் எதிர்பார்க்கிறார்கள். நான் கட்டும் மேலாடையைச் சொல்வேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கையில்லாச் சட்டை, டி-சர்ட், நீளமான கவுன் எதன்மேலும் அது பொருந்தும். உடல் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நாடாவைத் தளர்த்தியோ இறுக்கியோ கட்டிக்கொள்ளலாம். பகலெல்லாம் குளிர்சாதன அறையில் உட்காருகிறவர்களுக்கு அது சால்வையின் வேலையையும் செய்கிறது.

வாங்கும்போது நாடாவின் நீளத்தைப் பாருங்கள். முதுகைச் சுற்றி வந்து பக்கவாட்டில் முடிச்சிடும் அளவு நீளம் வேண்டும். நாடா குட்டையாக இருந்தால் முடிச்சு தொப்புளுக்கு நேராக விழும். உட்காரும்போது துருத்திக்கொண்டு தெரியும். முதல் மேலாடை கறுப்பாகவோ அடர்நீலமாகவோ இருக்கட்டும். வெளிர் நிறங்களுக்கு எண் 9-ஐப் படித்துவிட்டுப் போங்கள்.

5. சிங்கப்பூர் வெயிலில் இதெல்லாம் நடக்குமா? படத்தில் இருப்பவர்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள்.

நியாயமான கேள்வி. நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி வரை போகிறது. அதைவிடத் தொந்தரவு, காற்றின் ஈரப்பதம். வியர்வை உலரவே மாட்டேன் என்கிறது. ஆகவே வடிவத்தை வைத்துக்கொண்டு துணியை மாற்ற வேண்டும். நைலான் லியோடார்டுக்குப் பதிலாக, கொஞ்சம் நீட்சியுள்ள பருத்திப் பின்னல் துணியில் உடலை ஒட்டிய சட்டை. கம்பளி மேலாடைக்குப் பதிலாக மெல்லிய பருத்தி அல்லது மோடால் என்ற மென்துணி. சாடின் பிடிக்கும் என்றால் பாவாடையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்குள், முதுகு, கழுத்து ஆகிய இடங்களில் பாலியெஸ்டர் சாடின் ஒட்டிக்கொண்டு வியர்வைத் தடத்தை அப்படியே காட்டும். கடையில் பார்க்க மட்டும் செய்யாமல், துணியை உள்ளங்கையில் மூடிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கை புழுங்கினால் உடம்பும் புழுங்கும்.

கெண்டைக்கால் உறையும் தடித்த காலுறையும் வெளியில் வேண்டாம் என்பதே என் பதில். தசை குளிர்ந்துவிடாமல் இருக்க நடனக் கலைஞர் அணிவதை, உச்சி வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நாம் அணியத் தேவையில்லை. திரையரங்கில் கால் விறைக்கிறது என்றால் பையில் எடுத்துப் போய் உள்ளே மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லியோடார்ட் பாணிச் சட்டை வாங்கினால், அடியில் பிரஸ் பட்டன் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பட்டன் இல்லாததை அணிந்துகொண்டு பொதுக் கழிப்பறைக்குப் போனால், மேலே கட்டிய எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும்.

6. பாலே காலணி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எல்லாமே ஒன்றுபோல் இருக்கின்றன.

முன்பக்கத்தில் இருக்கும் சின்ன முடிச்சைப் பாருங்கள். நடனக் காலணியில் வாய் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கயிறு உள்ளே ஓடும். அதை இழுத்து, காலின் அளவுக்கு இறுக்கி, முடிச்சிட்டு நுனிகளை உள்ளே செருகிவிடுவார்கள். தெருக் காலணியின் முடிச்சு அந்தக் கயிற்றின் மிச்சம். சில நல்ல தயாரிப்புகளில் அது இன்றும் உண்மையாக இழுபடும். இழுத்துப் பார்த்து விளிம்பு சுருங்கினால் வாங்கலாம். குதிகால் கழன்று விழும் தொல்லை பெரிதும் குறையும். வெறுமனே ஒட்டிய முடிச்சாக இருந்தால், அளவு மிகச் சரியாக இருந்தாலன்றி வாங்காதீர்கள்.

அடுத்தது அடிப்பாகம். நம் ஊரின் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் அடிப்பாகங்கள் அணியாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும். ஈரப்பதம் அந்தப் பொருளையே சிதைக்கிறது. விசேஷத்துக்கு என்று பெட்டியில் பூட்டி வைத்த காலணி, மண்டப வாசலில் உதிர்ந்து விழுவது இதனால்தான். ரப்பரோ தோலோ ஆன அடிப்பாகமா என்று கேட்டு வாங்குங்கள். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்டு வைக்கலாம். சாடின் காலணிகளை மழைக்கு உகந்தவை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரு மாலை மழை போதும், நீர்க்கறை போகவே போகாது.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுதும் நடந்து வீங்கிய காலுக்குப் பொருந்துவதே உண்மையான அளவு.

7. தட்டைக் காலணி அணிந்தால் குதிகால் வலிக்கிறது. குதிகால் உயரம் இல்லாதது காலுக்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?

மிக உயரமானதும் நல்லதல்ல, காகிதம் போன்ற தட்டையும் நல்லதல்ல. பாதத்தின் உள்வளைவுக்குத் தாங்கல் கிடைக்காவிட்டால் குதிகாலை ஒட்டிய தசைநார் இழுபட்டு வலிக்கும். காலையில் முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள். காலணியை மாற்றிப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம்.

வலி இல்லாதவர்களும் ஒரு சென்டிமீட்டர் அளவாவது உயரம் உள்ள, உள்ளே மெத்தை வைத்த காலணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாலே கலைஞர்கள் மெல்லிய காலணியில் மரத்தரையில் ஆடுகிறார்கள். அந்தத் தரை அதிர்ச்சியைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. நாம் நடப்பது சிமெண்டிலும் பளிங்கிலும்.

8. நான் மெட்டி அணிந்திருக்கிறேன். மூடிய காலணிக்குள் விரல் நசுங்குகிறது. கழற்றவும் மனமில்லை.

கழற்ற வேண்டாம். கூர்மையான முனை உள்ள காலணிகளை விட்டுவிட்டு, முன்பக்கம் அகன்ற சதுர முனை அல்லது நன்கு உருண்ட முனை உள்ளதைப் பாருங்கள். மேல்பாகம் மென்மையான தோலாகவோ பின்னல் துணியாகவோ இருந்தால் மெட்டியின் மேடு அதில் வழிவிட்டுக்கொள்ளும். விறைப்பான பிளாஸ்டிக் தோல் ஒருநாளும் வழிவிடாது. முத்துக்கட்டிய கனமான மெட்டியை விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, நாள்தோறும் மெல்லிய தட்டை வளையமாக அணிகிறவர்கள் பலர் உண்டு.

கொலுசைப் பற்றியும் கேட்கிறார்கள். தாராளமாக அணியுங்கள். பாதத்தின் மேற்பகுதி திறந்திருக்கும் இந்தக் காலணிக்கு, சலசலக்காத மெல்லிய வெள்ளிக் கொலுசைப்போல் பொருந்துவது வேறொன்றும் இல்லை.

9. "ஸ்கின் கலர்" என்று விற்கிறார்கள், ஆனால் என் காலுக்கு அது சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது. வெளிர் ரோஸ் நிறமும் எனக்கு எடுக்கவில்லை. பாலே பாணி மாநிறத்தவர்களுக்கு ஒத்துவராதா?

என்னிடம் வரும் கேள்விகளில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். குறை உங்கள் நிறத்தில் இல்லை. பாலேயில் காலுறையும் காலணியும் வெளிர் ரோஸாக இருப்பதற்குக் காரணம், இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது. அந்த நிறம் வெள்ளைத் தோலுக்குக் கணக்குப் பண்ணப்பட்டது. கறுப்பினக் கலைஞர்கள் அதே ரோஸ் காலணியை அணிந்தபோது அவர்களுடைய கோடு கணுக்காலில் வெட்டுப்பட்டது. நியூயார்க்கில் 1969-ல் தொடங்கிய ஹார்லெம் நடன அரங்கத்தின் கலைஞர்கள் 1974 முதல் தங்கள் தங்கள் தோலின் நிறத்திலேயே காலுறையும் காலணியும் அணியத் தொடங்கினார்கள். கடையில் அந்த நிறம் கிடைக்காததால், பஞ்சில் முக ஒப்பனைப் பூச்சைத் தொட்டுக் காலணி முழுக்கப் பூசுவது பல ஆண்டுகளாக இந்தக் கலைஞர்களின் அன்றாட வேலையாக இருந்தது. லண்டனின் பாலே பிளாக் குழுவுடன் சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் காலணி வெளியிட்டது 2018-ல்தான்.

ஆகவே நிறத்தை அல்ல, அந்தக் கோட்டைப் பின்பற்றுங்கள். காலணியைக் கடை விளக்கிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உங்கள் பாதத்தின் மேற்புறத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். காப்பிப்பொடி, இலவங்கப்பட்டை, கருப்பட்டி நிறங்களில் ஏதோ ஒன்று எங்கே பாதம் முடிகிறது, எங்கே காலணி தொடங்குகிறது என்று தெரியாதபடி கலந்துவிடும். கால் நீளமாகத் தெரியும். அதுதான் பாலே தேடிய விளைவு.

ரோஸ் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வெளிர் ரோஸை முகத்துக்கு அருகில் வைக்காமல் பாவாடையில் வைத்துக்கொள்ளலாம். மேலாடைக்கு மாந்துளிர் நிறத்தை எடுத்துப் பாருங்கள். ரோஸும் செம்பும் கலந்த அந்த நிறம் நம் தோலில் ஒளிர்கிறது. வாடாமல்லியும் அரக்கும் அப்படியே. பட்டு நெசவில் தலைமுறை தலைமுறையாக நம் நிறத்தோடு வைத்துப் பார்த்துத் தேறிய நிறங்கள் இவை. இவற்றைப் பாலே வடிவத்துக்குள் கொண்டுவருவதில் எனக்குத் தனி ஆசை உண்டு.

10. டியூல் என்ற மெல்லிய வலைத்துணியில் பாவாடை தைக்கக் கொடுத்தேன், பிறந்தநாள் கவுன் மாதிரி வந்துவிட்டது. தையற்காரரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்?

நம் தையற்காரர்களிடம் வலைத்துணி என்றதும் லெஹங்காவுக்கு உள்ளே வைக்கும் விறைத்த கேன்கேன் வலையே கைக்கு வரும். எனவே முதலில் "கேன்கேன் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். துணியை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. அராப் ஸ்திரீட் துணிக்கடைகளிலோ தேக்கா நிலையத்தின் மாடியிலோ "சாஃப்ட் நெட்" என்று கேட்டு, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். துணி தானாகக் கீழே வழிந்து விழ வேண்டும். பிடித்த இடத்திலேயே நின்றால் அது உங்களுக்கு உரியதல்ல.

பிறகு சுருக்கம். இடுப்புச் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு துணி போதும். அதற்கு மேல் போனால் பாவாடை எழும்பி நிற்கும். இரண்டே அடுக்கு, உள்ளே பருத்தி அல்லது விஸ்கோஸ் உள்பாவாடை, முழங்காலுக்குக் கீழ்வரை. பாலியெஸ்டர் லைனிங் வைத்தால் காலில் ஒட்டி நடக்க விடாது. இடுப்பிலிருந்து நான்கு விரல் அளவுக்குச் சுருக்கம் இல்லாத பட்டி வைத்து, அதன் கீழே சுருக்கத்தைத் தொடங்கச் சொன்னால் வயிற்றுப் பக்கம் தடிப்பாகத் தெரியாது. கீழ் ஓரத்தை மடித்து அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வலைத்துணி நூல் பிரியாது. மடித்து அடித்த ஓரம்தான் விறைத்து, சிறுமியின் கவுன் தோற்றத்தைத் தருகிறது. கூரான கத்தரியால் ஒரே சீராக வெட்டிவிட்டால் போதும்.

நீளம் கணுக்காலுக்கு மூன்று, நான்கு அங்குலம் மேலே நிற்கட்டும். பெருவிரைவு ரயில் நிலையங்களில் மின்படிக்கட்டின் இடுக்கில் நீண்ட வலைத்துணி சிக்கினால் ஆபத்து. அழகைப் பற்றி எவ்வளவோ விட்டுக்கொடுத்துப் பேசலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

11. துவைப்பது, காயப்போடுவது?

வலைத்துணியைச் சலவைப் பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் தனியாக. பின்னல் மேலாடையை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு மூங்கில் கழியில் கோத்துத் தொங்கவிடாதீர்கள். ஈரத்தின் கனத்தில் கை முழங்கால் வரை நீண்டுவிடும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் பரப்பிக் காயவையுங்கள்.

12. எனக்கு 58 வயது, உடம்பும் கொஞ்சம் பெருத்தது. இது ஒல்லியான இளம்பெண்களின் உடைதானே?

பாலே மேடை மெலிந்த உடலையே நெடுங்காலம் கேட்டுவந்திருக்கிறது என்பது உண்மை. அதனால் பல கலைஞர்கள் துன்பப்பட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தக் கட்டாயத்தை நாம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. உடைகளைப் பொறுத்தவரை, பெருத்த உடலுக்கு மிக நன்றாக அமைவது எண் 4-ல் சொன்ன கட்டும் மேலாடைதான். முன்பக்கம் குறுக்காக விழும் கோடு மார்பையும் இடுப்பையும் பிரித்துக் காட்டும். பட்டன் போட்ட சட்டைபோல் நடுவில் இழுத்துக்கொண்டு விரியாது. மார்புப் பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று விழும் அளவு அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குனியும்போது விலகக் கூடாது.

இந்த வயதில் நாம் நம் தோள்களையும் கழுத்தையும் மறந்துவிடுகிறோம். படகு வடிவக் கழுத்து வைத்த சட்டையும் நேர்த்தியான கொண்டையும் அணிந்து 60 வயதைக் கடந்த ஒரு வாடிக்கையாளர் நிமிர்ந்து நடந்து வரும்போது, என் கடையில் இருக்கும் இளம்பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

13. அலுவலகத்துக்கு அணியலாமா? எங்கள் அலுவலகம் கொஞ்சம் கறாரானது.

ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சட்டை, சாதாரண சட்டையோடு தட்டைக் காலணி. இன்னொரு நாள் கறுப்புக் கட்டும் மேலாடை, நேரான பாவாடை. மேலாடை, வலைப்பாவாடை, ரிப்பன், கொண்டை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் வேடம் போட்டதுபோல் ஆகிவிடும். வலைப்பாவாடையைக் கறாரான அலுவலகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

14. குர்தி, சேலையோடு சேருமா? நான் பெரும்பாலும் அவற்றைத்தான் அணிகிறேன்.

நன்றாகவே சேரும். பரதம் பயின்றவர்களுக்குப் பயிற்சிச் சேலை தெரிந்திருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி உயர்த்திக் கட்டி, முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகிவிடுவோம். முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டியில் முழங்கால் எங்கே போகிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், எதுவும் அவிழக் கூடாது. எண் 1-ல் பாலே பயிற்சி உடைக்குச் சொன்ன காரணங்களும் இவையே. இரண்டும் ஒரே கணக்கில் பிறந்தவை என்பதால் கலப்பது கடினமில்லை.

சேலைக்கு இரவிக்கையை மாற்றுங்கள்: படகுக் கழுத்து, முழங்கை வரை ஒட்டிய கை, நீட்சியுள்ள பருத்தித் துணி. மெல்லிய பருத்திச் சேலையோ லினன் சேலையோ அதன்மேல் அழகாக விழும். கனமான பட்டுக்கு இது ஒத்துவராது. பட்டுக்குத் தைத்த இரவிக்கையே அழகு. நேரான குர்தியின்மேல் குட்டையான கட்டும் மேலாடை போட்டால் துப்பட்டா தேவைப்படாது. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அப்படியே போகலாம். வாசலில் தட்டைக் காலணியைக் குனியாமலே கழற்றிவிடலாம். கொண்டையில் ரிப்பனுக்குப் பதிலாக மல்லிகைச் சரம் சுற்றுங்கள். கொண்டை வலைக்குள் முடியை அடக்கி, ஊசிகளை வட்டத்தின் உள்பக்கம் நோக்கிக் குத்தினால் மாலைவரை அசையாது.

15. தம்பிக்கு இதில் ஏதாவது உண்டா? அவனும் கேட்கிறான்.

உண்டு. உடலோடு பொருந்திய பருத்திப் பின்னல் சட்டை, கணுக்காலில் ஒடுங்கும் மென்மையான கால்சட்டை, நாடா கட்டும் மெல்லிய தோல் காலணி. பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர்க் அணிந்து புகழ்பெற்ற வெள்ளைக் காலணி, ரோஸ் ரெப்பெட்டோ தம் மருமகளான நடனக் கலைஞர் சீசீ ஜான்மேருக்காகச் செய்த வடிவம்தான்.

16. நமக்குப் பாவாடையும் தாவணியும் இருக்கும்போது ஐரோப்பியர்களின் ஆட்ட உடை எதற்கு? பரத உடை தைக்கும் நீங்களே இதைச் சொல்லலாமா?

ஒரு பெரியவர் இதைச் சற்றுக் கோபமாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 1920களின் இறுதியில் ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைக் கப்பல் பயணத்தில் நெருங்கிப் பழகி அறிந்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்தவரிடம் பாலேயும் கற்றார். உன் நாட்டின் நடனத்தைத் தேடிப் போ என்று அவரைத் தூண்டியவர் பாவ்லோவா. 1936-ல் ருக்மிணி தேவியின் நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா சென்னையில் பிறந்தது. அங்கே பயின்ற நீலா சத்தியலிங்கம் 1977-ல் சிங்கப்பூரில் அப்சரஸ் ஆர்ட்ஸ் என்ற நடன அமைப்பைத் தொடங்கினார். இங்கே அரைமண்டியில் நிற்கும் நம் பிள்ளைகளின் குரு வரிசையைப் பின்னோக்கிப் பார்த்தால், ஒரு பாலே கலைஞரின் நல்வாக்கும் அதில் இருக்கிறது. அந்தக் கலையின் உடையில் ஒரு துண்டை நாம் அணிவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

எனக்கும் எல்லை உண்டு. சலங்கை பூசை செய்து கட்டும் சலங்கையை யாராவது அலங்காரத்துக்காகத் தெருவில் கட்டி வந்தால் மனம் பொறுக்காது. அதே மரியாதையைப் பாலேக்கும் தர வேண்டும். விரல் நுனியில் நிற்பதற்கான பாயிண்ட் காலணி, துணி அடுக்குகளும் பசையும் சேர்த்து முனையை இறுக்கிச் செய்தது; பல ஆண்டுகள் பயின்று கால் வலுப்பெற்ற பிறகு ஆசிரியர் அனுமதித்தால்தான் மாணவி அதை அணிகிறாள். அதைப் புகைப்படத்துக்காக மாட்டுவது மரியாதையும் இல்லை, கணுக்காலுக்குப் பாதுகாப்பும் இல்லை. வலைப்பாவாடையோடு கோயில் நகைகளையும் நெற்றிச்சுட்டியையும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்கிறவர்களிடமும் மறுத்துவிடுகிறேன்.

17. உண்மையான பாலே நிகழ்ச்சிக்குப் போகிறோம். என்ன அணிவது?

முதலில், போவதற்கு என் வாழ்த்து. கோ சூ கிம்மும் ஆண்டனி தென்னும் 1988-ல் தொடங்கிய குழு, இன்று சிங்கப்பூர் பாலே என்ற பெயரில் இயங்குகிறது. உடைகளை அசைவில் பார்த்தால்தான் எந்தத் துணி எப்படி விழுகிறது என்பது புரியும். எஸ்பிளனேட் அரங்கத்தில் என்றால் குளிர் அதிகம். சேலைமேல் கட்டும் மேலாடை போதும், வலைப்பாவாடைக்கும் அது நல்ல தருணம். உயரமான கொண்டை மட்டும் வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

ஃபோர்ட் கேனிங் பூங்காவில் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் புல்லில் உட்கார வேண்டும். அடர்நிறப் பருத்திப் பாவாடை, ரப்பர் அடிப்பாகம் வைத்த காலணி, விரிக்க ஒரு பாய், கொசுவுக்குத் தைலம். மழை வருமா என்று பார்த்துவிட்டு, பையில் ஒரு பிளாஸ்டிக் மேலங்கியும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் எதையும் பார்க்க முடியாது.